மடித்த பக்கங்களைத் தர மாட்டேன், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

சுனாமியின் இருபதாம் ஆண்டு நினைவு மலருக்கு, அப்போது நம் மாலை வகுப்பில் பிள்ளைகள் எழுதிய நோட்டுகள் வேண்டும் என்று பொதுவில் கேட்டிருந்தீர்கள். பதிலையும் பொதுவிலேயே எழுதுகிறேன். நோட்டுகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மலருக்குத் தர மாட்டேன். எழுதியவர்களிடமே திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

நம் இருவரையும் தெரிந்த பலர் இதைப் படிப்பார்கள். ஆகவே தெருவின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ இங்கே வராது. அன்று அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் நீங்கள் என்னைச் சொன்ன சொல்லும் வராது.

அந்த முயல் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போயிருந்த நேரம். கடலே வராத கதையாகத் தேடி, சிங்கத்தை முயல் கிணற்றடிக்குக் கூட்டிப் போகும் கதையை எடுத்தோம். தற்காலிகக் குடியிருப்பின் வெக்கையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சிங்கம் தன் நிழலைப் பார்த்துக் குதித்ததும் கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் தட்டவில்லை. “தண்ணீர் எவ்வளவு ஆழம்?” என்றான். நாம் பதில் சொல்வதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டான்: “சிங்கத்தை யாராவது தேடினார்களா?”

நான் புத்தகத்தை மூடப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். “புத்தகத்தில் அது இல்லை. நீதான் எழுத வேண்டும்” என்று அவனிடம் நோட்டைக் கொடுத்தீர்கள். எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவன் எழுதினான். ஒவ்வொரு எழுத்தும் அவன் கட்டைவிரல் அளவு இருந்திருக்கும். எழுதி முடித்ததும் பக்கத்தை உள்பக்கமாக இரண்டாக மடித்தான்.

மடித்த பக்கத்தை யாரும் படிக்கக் கூடாது என்பது நீங்கள் போட்ட விதி. அதைவிடப் பெரிய ஒன்றை எந்தப் பயிற்சி முகாமிலும் நான் கற்றதில்லை. அப்போது வந்தவர்கள் எல்லாம் பிள்ளைகளை அலை வரையச் சொன்னார்கள். வரைந்ததைக் கையில் பிடித்து நிற்கச் சொல்லிப் புகைப்படம் எடுத்தார்கள். மறுநாள் வேறொரு வண்டி வரும், மறுபடியும் அலை. நடந்ததை ஒரே அமர்வில் கொட்டவைத்துவிட்டுப் போவதால் பலன் இல்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரை பிற்பாடு சொன்னார்கள். நீங்கள் அதை அந்தப் பிள்ளைகளின் முகத்திலேயே பார்த்துவிட்டீர்கள். எழுதத் தெரியாத சின்னவர்கள் சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள், ஒரு சொல்லையும் மாற்றாமல். “கடல் கெட்டது” என்று ஒரு பெண்குழந்தை சொன்னபோது, “கடல் நமக்குத் தாய் என்று முடித்துவிடுங்கள்” என்றார் வந்திருந்த ஒருவர். நீங்கள் எழுந்து நின்று மறுத்தீர்கள். அன்றைக்கு உங்களை என் கூடப்பிறந்தவளாகவே நினைத்தேன்.

முயல் கதையை மறுநாளும் கேட்டான். அதற்கு அடுத்த நாளும். சலிப்பில்லாமல் வாசித்தோம். தெரிந்த கதையில் பயம் எந்தப் பக்கத்தில் வரும், எந்தப் பக்கத்தில் போகும் என்று பிள்ளைக்குத் தெரியும். பயம் தாங்காவிட்டால் அட்டையை மூடலாம், வாசிப்பவரை நிறுத்தலாம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்ததை யாராலும் மூட முடியவில்லை. எழுதும்போது அந்த அதிகாரம் இன்னும் கொஞ்சம் கூடுகிறது: எங்கே தொடங்குவது, எதை விடுவது, யாருக்குக் காட்டுவது என்பதெல்லாம் அவன் கையில்.

பிறகு நகரத்திலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள்.

அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர்கள் முன்னால் நீங்கள் வாசித்தீர்கள், அக்கா. அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். என்ன எழுதியிருந்தான் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே சொல்ல மாட்டேன். விருந்தினர்களில் ஒருவர் அழுதார். அதன் பிறகு அவன் வகுப்புக்கு வந்தான், ஆனால் கரும்பலகையில் இருப்பதை மட்டும் பார்த்து எழுதினான். கதை கேட்கவும் இல்லை.

பணம் வராவிட்டால் மாலை வகுப்பே நின்றிருக்கும். அது பொய்யில்லை. விளக்குக்கும் நோட்டுக்கும் யாரிடம் கையேந்த வேண்டியிருந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். உங்கள் மீது அந்த அலுவலகம் ஏற்றிய சுமையை இன்றைக்கும் எடைபோட என்னால் முடியாது. ஆனாலும், மற்ற நோட்டுகளும் அறிக்கைக்காக அச்சகம் போகின்றன என்று தெரிந்ததும் பெட்டியை என் வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டேன். நீங்கள் வாசலில் வந்து அழுதபோது கதவைத் திறக்கவில்லை. அந்த அழுகைக்காக மன்னிப்புக் கேட்கிறேன். பெட்டிக்காகக் கேட்க மாட்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த விதியைத்தான் காப்பாற்றினேன், உங்களிடமிருந்தே.

எழுதுவது நல்லது என்று காட்ட, உளவியலாளர் பென்னிபேக்கரின் ஆய்வை மறுபடியும் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். 1986-இல் வெளிவந்த அதில் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள். நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாட்கள், தங்களை வதைத்ததைப் பற்றி எழுதினார்கள். எழுதியது ரகசியமாக இருக்கும் என்ற உறுதியும் தரப்பட்டிருந்தது. நம்முடைய பிள்ளைகள் ஏழு, எட்டு வயதுக்காரர்கள். அந்த உறுதி அவர்களுக்கு மட்டும் எப்படித் தேவையில்லாமல் போகும்? “இப்போது வளர்ந்துவிட்டார்கள், ஆட்சேபிக்க மாட்டார்கள்” என்கிறீர்கள். யாரிடம் கேட்டீர்கள்?

என்னிடம் ஒருத்தி கேட்டாள். அன்று மூன்றாம் வகுப்பில் இருந்தவள், இப்போது ஒரு பெண்குழந்தைக்குத் தாய். குழந்தைக்குக் காற்றடித்துக் கதவு ஆடினாலே நடுக்கம். அதட்டிப் பார்த்தார்களாம், மந்திரித்துக் கயிறு கட்டினார்களாம். “நான் அந்த வயதில் என்ன எழுதினேன் என்று முதலில் நான் படிக்க வேண்டும், அக்கா. பிறகுதான் இவளுக்கு நோட்டு வாங்கித் தருவேன்” என்றாள். அவள் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகள் அப்படியே இருந்தன. இந்த முடிவுக்கு வந்தது அதன் பிறகுதான்.

ஊரைவிட்டுப் போனவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டிருக்கிறேன். மலரில் போட யாராவது மனமொப்பித் தந்தால் அவர்களே உங்களுக்கு அனுப்புவார்கள், நான் தடுக்க மாட்டேன். அவனுடைய நோட்டை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன். அதை நீங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதே முறை என்று நினைக்கிறேன். அவன் வாங்குவானா என்று எனக்குத் தெரியாது. முகவரி கிடைத்துவிட்டது. வருவதானால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம். வழியில் அதைத் திறக்கக் கூடாது, அக்கா.

அன்புடன்,
உங்கள் தங்கை