திருடனுக்குத் தகவல் சொன்ன டேக் பற்றிய புகார்

உரும்பிராய்,
யாழ்ப்பாணம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

இது நான் உங்களுக்கு எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியமானது" என்ற ஒரே பதில், ஒரே எழுத்துப்பிழையோடு வந்தது. இந்த முறையாவது ஒரு மனுசர் வாசிப்பார் என்ற நம்பிக்கையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் வெங்காயச் செய்கைக்காரன். நாலு பரப்பு. கிணற்றடியில் இருந்த தண்ணீர் இறைக்கும் மெசின் ஆடி மாதம் ஓர் இரவு களவு போனது. எங்கள் பக்கத்தில் மெசின் களவு புதிதல்ல. அதனால்தான் சித்திரையிலேயே யாழ்ப்பாணம் டவுன் கடையொன்றில், பொருளில் ஒட்டிவைத்தால் அது இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் உங்கள் டேக் இரண்டு உள்ள பெட்டியை வாங்கினேன். "களவு போனாலும் கண்டுபிடிக்கலாம்" என்று பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், தேவைப்படும். இரும்புக்குள் வைத்தால் சிக்னல் வராது என்று மெசினின் பிளாஸ்டிக் காற்று வடிகட்டிக்குள் ஒன்றை ஒட்டினேன். மற்றது என் சைக்கிள் சீற்றுக்கு அடியில்.

விடிய ஐந்தரைக்கு இறைக்கப் போனால் குழாய் மட்டும் கிடக்கிறது. போனைப் பார்த்தேன். இரவு 2.10க்குக் கோப்பாய்ப் பக்கம். ஏழு மணிக்குக் கொடிகாமம் சந்தையடி. பொலிசுக்கு ஓடினேன். "இது பெரிய வட்டமாக இருக்கிறதே, வீட்டைக் காட்டுங்கோ" என்றார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், முறைப்பாட்டை எழுதிப் பிரதி தந்தார்கள். அடுத்த நாள் காலையில் கச்சாய்ப் பக்கம் ஒரு தடவை காட்டியது. அதோடு சரி. இன்றுவரை அந்த டேக்கிடமிருந்து எனக்கு ஒரு சத்தமும் இல்லை. திருடனுக்குத்தான் சத்தம் போட்டிருக்கும்.

இதை நான் கோபத்தில் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சைக்கிளில் இருந்த டேக்கை எடுத்து மருமகனிடம் கொடுத்து, சொல்லாமல் சுன்னாகத்துக்கு வேலைக்கு அனுப்பினேன். பின்னேரத்துக்குள் அவனுடைய போனில் வந்துவிட்டது: வேறொருவரின் டேக் உங்களோடு பயணிக்கிறது, இந்தப் பொத்தானை அழுத்தினால் அது ஒலி எழுப்பும், பற்றரியைக் கழற்றுவது இப்படி. படம் போட்டு விளங்கப்படுத்தியிருக்கிறீர்கள், நன்றி. போன் இல்லாத திருடனுக்கும் வழி வைத்திருக்கிறீர்கள். சொந்தக்காரனைப் பிரிந்து 8 முதல் 24 மணித்தியாலத்துக்குள் ஏதோ ஒரு நேரத்துக்குப் பிறகு அசைத்தால் டேக் தானாகக் கத்துமாம். மெசினைக் காலையில் ஏற்றி இறக்கியிருப்பான், அது கீச்சிட்டிருக்கும், கழற்றி எறிந்திருப்பான்.

ஏன் இந்த ஏற்பாடு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண்களின் பையிலும் காரிலும் டேக்கை ஒளித்துவைத்துப் பின்தொடர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து, 2024 மே மாதம் முதல் ஐபோனிலும் அண்ட்ரொய்டிலும் இந்த எச்சரிக்கை வரச் செய்தன. எனக்கும் கம்பஸ் போகிற மகள் இருக்கிறாள். அவளுடைய பைக்குள் எவனாவது ஒன்றைப் போட்டால் அவளுடைய போன் கத்தத்தான் வேண்டும். அதை நிறுத்துங்கள் என்று நான் எங்கேயும் கேட்கவில்லை. கேட்டேன் என்று உங்கள் ஆள் எழுதி வைத்திருந்தால் அது பொய்.

அந்த ஆளைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தமிழுக்கு 3ஐ அழுத்தி, பாட்டுக் கேட்டு, மூன்று நாளில் ஐந்து பேரோடு கதைத்த பிறகு, "டேக்கை நேரில் கொண்டு வந்தால்தான் பரிசோதிப்போம்" என்றார்கள். களவு போனதை எப்படிக் கொண்டு வருவது என்று கேட்டேன். "அதுதான் ஐயா நடைமுறை." சரி, மற்ற டேக்கையாவது கொண்டு போவோம் என்று இரவு பஸ் ஏறிக் கொழும்புக்கு வந்தேன். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். உங்கள் நிலையத்தில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் இருந்தேன். கண்ணாடி போட்ட ஒரு தம்பி டேக்கை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். கீச் என்றது. "வேலை செய்கிறதே" என்று திருப்பித் தந்தார்.

பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியைக் காட்டினேன். அதைத் தொட்டும் பார்க்கவில்லை. "நீங்கள் மெசினைத் தேடுகிறீர்களோ, யாராவது பெண்பிள்ளையின் வீட்டைத் தேடுகிறீர்களோ, எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அறுபத்திரண்டு வயது. அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பிரதியையே கொண்டு வந்தேன் தம்பி என்று சொல்லவேண்டும் போலிருந்தது, வாய் வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் வவுனியா வரைக்கும் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

இன்னொன்று, இதை முதலே எழுதியிருக்கவேண்டும். டேக்குக்குள் ஜிபிஎஸ்சும் இல்லை, சிம்மும் இல்லை. வழியால் போகிறவர்களின் போன் புளூடூத்தில் கண்டால்தான் இடம் தெரியும். அதிலும் கூகுளின் வலையமைப்பில், யாரும் அமைப்பை மாற்றாவிட்டால், பல போன்கள் ஒன்றாகக் காணும் சனநெரிசலான இடத்தில்தான் காட்டுமாம். சந்தையடியில் காட்டிவிட்டுத் தோட்டவெளியில் ஊமையானது ஏனென்று பக்கத்து வீட்டுப் பெடியன் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் பொருளைப் பற்றி உங்கள் ஐந்து பேருக்கும் தெரியாதது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

நட்டத்துக்கு வருகிறேன். மெசின் போனது. தண்ணீர் இல்லாமல் வெங்காயம் வாடியது. வருடமே போனது. எல்லாம் சேர்த்துப் பத்து இலட்சத்துக்குக் குறையாது. மூன்றாம் நாள் மச்சான் இரவல் மெசின் தந்தது உண்மை. ஆனால் அந்த மூன்று நாளும் அடித்தது ஆடி வெயில்.

தயவுசெய்து மூன்று விடயங்களைக் கவனியுங்கள். பெட்டியில் உள்ள களவு வசனத்தை எடுத்துவிடுங்கள், அல்லது "திருடனுக்கும் அறிவிக்கப்படும்" என்று பக்கத்தில் அச்சடியுங்கள். பொலிஸ் முறைப்பாடு உள்ளவர் டேக்கின் இடத்தைப் பொலிசோடு நேரடியாகப் பகிர வழி செய்யுங்கள். தொலைந்த பயணப் பைக்காக விமான நிறுவனங்களோடு இடத்தைப் பகிரும் வசதியை ஆப்பிள் 2024இலேயே கொண்டுவந்துவிட்டது. பைக்கு முடியுமென்றால் மெசினுக்கு ஏன் முடியாது? இதே மாதிரி டேக் விற்கும் டைல் நிறுவனம் 2023இல் வேறு மாதிரிச் செய்தது. அடையாள அட்டையைச் சரிபார்த்து, பிழையாகப் பாவித்தால் பத்து இலட்சம் டொலர் தண்டம் என்று ஒப்புக்கொள்ள வைத்து, அதன் பிறகு டேக்கை மற்றவர்களின் தேடலிலிருந்து மறைக்க விட்டது. அதை நான் கேட்கவில்லை. கெட்டவனிடமும் அடையாள அட்டை இருக்கும். மூன்றாவது, இரண்டு டேக்கின் பணமும், பஸ் செலவும், அந்தத் தம்பியின் எழுத்து மூல மன்னிப்பும்.

பதினான்கு நாள் தருகிறேன். அதற்குப் பிறகு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் 1977 என்ற தொலைபேசி இலக்கமும் எனக்கு இப்போது மனப்பாடம். அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை. நீங்களும் வியாபாரம் செய்கிறவர்கள்தானே.

அழைப்பதென்றால் காலை ஒன்பதுக்குப் பிறகு அழையுங்கள். அதற்கு முன் இரவல் மெசின் ஓடிக்கொண்டிருக்கும், காது கேட்காது. டேக்கைக் கொண்டு வரச் சொல்வதென்றால் அழைக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பற்றுச்சீட்டு, பெட்டியின் இரு பக்கப் படங்கள், பஸ் ரிக்கற் இரண்டு.