'க்ரைம் ஸ்டோரி' பழைய கார்களைப் பற்றிய தொடர் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'க்ரைம் ஸ்டோரி'யை இன்னும் ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் கட்டுரையாளர் அதை நான்கே வரிகளில் முடித்துவிட்டார். பெரிய பெரிய கார்கள், ஒல்லி டை, டெல் ஷானனின் 'ரன்அவே' பாட்டு, துப்பாக்கிச் சண்டை, அவ்வளவுதான். 1960களின் நினைவுகளை அழகாக விற்ற தொடர் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிப் பல வருடங்கள் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். கிளைக்குப் போனதும் முதலில் ரொக்கத்தை எண்ணுவோம், அப்புறம்தான் லெட்ஜரைத் தொடுவோம். என் மகன் வாங்கிவந்த டிவிடியில் இந்தத் தொடரின் இரண்டு சீசனையும் பார்த்தேன், பிறகு முதலிலிருந்து இன்னொரு முறையும் பார்த்தேன். என்னைப் பிடித்து உட்காரவைத்தது துப்பாக்கி இல்லை, பணம் போகும் பாதை.

தொடர் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது 1986 செப்டம்பர் 18 அன்று. கதை 1963இல் சிகாகோவில் ஆரம்பிக்கிறது. உடையையும் காரையும் பார்த்து அது பழங்கதை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1986ஆம் வருடத்துச் செய்தித்தாளைப் புரட்டிய அமெரிக்கருக்கு அப்படித் தோன்றியிருக்காது. 1986 ஜனவரியில்தான் கான்சாஸ் சிட்டி நீதிமன்றத்தில் சிகாகோ கும்பலின் தலைவர் ஜோசப் அயூப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளின் பணத்தைக் கணக்கில் வராமல் எடுத்த வழக்கில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஜூன் மாதம், வேகஸில் அந்தக் கும்பலின் ஆளாக இருந்த ஆண்டனி ஸ்பிலோட்ரோவும் அவர் தம்பி மைக்கேலும் இண்டியானாவில் ஒரு சோளக்காட்டில் பிணமாகக் கிடைத்தார்கள். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் ரே லூக்கா என்ற சிகாகோத் திருடன் வேகஸுக்குப் போய்ப் பெரிய ஆளாகும் கதை வீட்டுத் திரையில் ஓடத் தொடங்கியது. லூக்காவிடம் ஸ்பிலோட்ரோவின் சாயல் இருப்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அன்றைய செய்திக்குத்தான் பழைய சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள்.

அந்தப் பணம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கட்டுரையாளர் ஒரு பத்தியாவது சொல்லியிருக்க வேண்டும். பாலில் படிந்த ஆடையை வழித்தெடுக்கிற மாதிரி, விடுதியின் அன்றைய வசூலைப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்துவிடுவார்கள். அதனால்தான் அதற்கு ஸ்கிம்மிங் என்று பெயர். எடுத்த பணத்துக்கு வரியும் கிடையாது, ரசீதும் கிடையாது. விடுதிக்கு உரிமம் வைத்திருப்பவர் ஒருவர், பங்கு போய்ச் சேருவது எங்கோ சிகாகோவிலும் கான்சாஸ் சிட்டியிலும் உட்கார்ந்திருக்கும் வேறு சிலருக்கு.

வேகஸின் ஸ்டார்டஸ்ட் விடுதியில் 1976இல் நெவாடா அதிகாரிகள் சோதனை போட்டபோது தெரியவந்த வித்தையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் இயந்திரங்களில் விழும் சில்லறையைக் கையால் எண்ணி மாளாது, எடை போட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். அந்தத் தராசையே எடை குறைத்துக் காட்டும்படி திருத்தி வைத்திருந்தார்கள்! நாணய மூட்டையைத் தராசில் வைத்துச் சரிபார்த்த அனுபவம் எனக்கும் உண்டு. தராசே பொய் சொன்னால் ஆய்வாளர் என்ன செய்வார்? புத்தகமும் தராசும் ஒத்துப்போகும், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்.

இன்னொரு விஷயம், ஓய்வூதியம் வாங்குகிறவன் என்பதால் எனக்கு இது மனதில் தைக்கிறது. சூதாட்ட விடுதி என்றாலே வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கிய காலம் அது. கடன் வந்த இடம் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தின் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் ஓய்வூதிய நிதி. லாரி ஓட்டுநர்களின் முதுமைக்கென்று சேர்ந்த பணம். 1974இல் ஸ்டார்டஸ்ட், ஃப்ரீமாண்ட் என்ற இரண்டு விடுதிகளை வாங்க ஆலன் கிளிக்கின் நிறுவனத்துக்கு அந்த நிதியிலிருந்து 6 கோடி டாலருக்கு மேல் கடன் போனது. வாழ்நாள் முழுக்க ராத்திரியில் லாரி ஓட்டியவர்களின் பணத்தில் விடுதியை வாங்கி, அந்த விடுதியின் வசூலையும் பின்வாசல் வழியாக எடுத்திருக்கிறார்கள்.

சரி, தொடருக்கு வருகிறேன். சிகாகோ பாகத்தில் சத்தம் அதிகம். கொள்ளை, துரத்தல், சுட்டுத் தள்ளுதல் எல்லாம் உண்டு. கதை வேகஸுக்குப் போனதும் ஆண்டனி டெனிசன் நடித்த லூக்கா மெல்ல முதலாளி ஆகிறான். மேலே மேனி வைஸ்பார்ட் என்ற கிழவர் இருக்கிறார். ஜோசப் வைஸ்மன் அந்தப் பாத்திரத்தைக் குரலை உயர்த்தாமலேயே நடித்திருக்கிறார், அவர் பேசினால் அறையே அடங்கிவிடுகிறது. பூட்டை உடைத்துத் திருடியவனைப் பிடிக்கத் தெரிந்த, லூக்காவைத் துரத்தும் போலீஸ் அதிகாரி லெப்டினன்ட் டொரெல்லோவுக்கு, உரிமத்தோடு திருடுகிறவனை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. அந்தத் தவிப்பில் வீட்டை மறக்கிறார், கோபத்தில் கைநீட்டுகிறார், மனைவி ஜூலியை இழக்கிறார். அவர்களுடைய மணவாழ்க்கை உடையும் காட்சிகளைப் பார்த்த பிறகும் இதைத் துப்பாக்கித் தொடர் என்று எப்படி எழுத முடிந்தது என்று எனக்குப் புரியவில்லை.

அன்றைய போலீஸ் தொடர்களில் பெரும்பாலும் அந்த வாரத் திருடன் அந்த வாரமே பிடிபடுவான். இதில் ஒரே வழக்கு, ஒரே எதிரி, வருடக்கணக்கில். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் புரியாது. அப்போது இது பெரிய துணிச்சல். வெள்ளிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்கு மாற்றி, போட்டித் தொலைக்காட்சியான ஏபிசியின் 'மூன்லைட்டிங்' தொடருக்கு எதிரே நிறுத்தியது தொடரைப் பாதித்தது என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.

நடிகர்களைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டொரெல்லோவாக வந்த டென்னிஸ் ஃபரீனா 18 வருடம் நிஜமாகவே சிகாகோ போலீஸில் இருந்தவர். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான சக் ஆடம்சனும் அதே ஊர்த் துப்பறிவாளர்தான். லூக்காவின் கூட்டாளி பாலியாக நடித்த ஜான் சான்டூச்சி நிஜ வாழ்க்கையில் நகைத் திருடராக இருந்தவர், ஆடம்சனிடம் பிடிபட்டவர். தயாரிப்பாளர் மைக்கேல் மேன் 1981இல் எடுத்த 'தீஃப்' படத்தில் திருடர் சான்டூச்சி போலீஸாகவும், போலீஸ் ஃபரீனா கும்பலின் அடியாளாகவும் வருவார்கள். தொடரில் அவரவர் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஃபரீனா ஒரு கதவுக்கு முன்னால் நிற்கும் விதத்தைப் பாருங்கள், அதை நடிப்புப் பள்ளியில் கற்றுத்தர முடியாது.

குறைகளும் இருக்கின்றன. முதல் சீசன் முடிவில் லூக்காவும் பாலியும் பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனைத் திடலுக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்கள், குண்டு வெடிக்கிறது. மறக்க முடியாத காட்சிதான். ஆனால் நெவாடாவில் தரைக்கு மேல் நடந்த சோதனைகள் 1962 ஜூலையோடு நின்றுவிட்டன, கதை தொடங்குவதே 1963இல். அதற்குப் பிறகும் லூக்கா பிழைத்து இரண்டாவது சீசனுக்கு வருவதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அந்த சீசன் லத்தீன் அமெரிக்காவுக்குப் போனபோது விடுதிப் பணத்தை எண்ணும் கணக்கறையை விட்டு ரொம்ப தூரம் போய்விட்டது. 1988 மே மாதம், நடுவானில் விமானத்துக்குள் அடிதடி, விமானம் கடலில் விழுகிறது, தொடரும் அங்கேயே நின்றுபோனது. யார் பிழைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இது 'மியாமி வைஸ்' தொடரின் நகல் என்று கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. இரண்டுக்கும் மைக்கேல் மேன்தான் தயாரிப்பாளர், ஒற்றுமை அத்தோடு சரி. அந்த வரியைத் திருத்த வேண்டுகிறேன். வேகஸின் ஓய்வூதியக் கடன்கள், கணக்கறை, கான்சாஸ் சிட்டி வழக்கு இவற்றைப் பற்றி விவரமான கட்டுரை ஒன்றையும் உங்கள் இதழில் எதிர்பார்க்கிறேன். இடமில்லை என்றால், கார்களைப் பற்றிய பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வங்கி ஆய்வாளர்,
கும்பகோணம்