காசு கொடுத்து உண்ணிச்செடியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வெயில் தாங்கும் பால்கனிச் செடிகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் மூன்றாவதாக லன்டானா. மஞ்சளும் ரோஸும் கலந்த பூ, படமும் அழகாகத்தான் இருந்தது. அம்மா அதைக் காட்டி, "இதுக்குத்தானாடி ரெண்டு மாசம் காட்டுல கெடந்தே?" என்று கேட்டார். ஆமாம், இதற்குத்தான். பெங்களூரில் தாவரவியல் முதுகலை படிக்கிறேன், ஏப்ரலும் மேயும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மாதேஸ்வரன் மலைப் பக்கம் இந்தச் செடியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகவில்லை, கையில் கீறல்கூட ஆறவில்லை, அதற்குள் அதையே வாங்கி வையுங்கள் என்று நம் பேப்பரிலேயே பார்த்தால் எழுதாமல் எப்படி இருப்பது?

லன்டானா என்று நர்சரியில் சீட்டு ஒட்டி வைத்தால் புதுசாகத் தெரியும். நம் ஊர்ப் பக்கம் வேலியோரம் முள்ளும் நாற்றமுமாகக் கிடக்குமே உண்ணிச்செடி, அதேதான். சின்ன வயதில் அதன் கறுப்புப் பழத்தைத் தின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள் (பச்சைக் காய் விஷம், அதைத் தொட வேண்டாம், இலையைத் தின்கிற மாட்டுக்கு ஈரல் கெடும்). அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்த செடி இது. 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்தது இன்றைக்கு நம் நாட்டில் புலிகள் வாழும் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்குச் சொல்கிறது. அந்தக் காடுகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல். தமிழ்நாடு மொத்தமுமே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்!

மாதேஸ்வரன் மலைக்குப் பெங்களூரிலிருந்து கனகபுரா, மளவள்ளி, கொள்ளேகால், ஹனூர் வழியாகப் பஸ் போகும். அப்பாவுக்கு இந்தப் பெயரெல்லாம் சொல்லிப் புரியவில்லை, வீரப்பன் காடு என்றதும் புரிந்துவிட்டது, அதுவே பிரச்சினையும் ஆகிவிட்டது, அவரைச் சமாதானப்படுத்தி அனுமதிக் கடிதமும் கைக்கு வருவதற்குள் கோடையில் பாதி போயிற்று. பஸ் முழுக்க மாதேஸ்வரன் பக்தர்கள். மலைப்பாதை தொடங்கியதும் ஜன்னல் வழியே பார்த்தால் மரங்களுக்குக் கீழே வேறு எதுவுமே இல்லை, ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிதான், அதுவும் கோடையில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக.

வேலை என்னவோ எளிதுதான். கயிறு பிடித்துக் கட்டம் போட வேண்டும், உள்ளே இருக்கும் தண்டுகளை எண்ண வேண்டும், பருமன் அளக்க வேண்டும், வேறு என்ன நாற்று பிழைத்திருக்கிறது என்று தரையோடு தரையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல கட்டங்களில் அந்தக் கடைசி வரிக்கு நேராகச் சைபர்தான் எழுதினேன். சாயங்காலம் வந்து பேண்ட்டை உதறினால் உண்ணி. பேர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

கூட வந்தவர் அந்தக் காட்டுப் பழங்குடியான சோலிகரில் ஒரு பெரியவர். நல்ல தமிழ் பேசுவார், எல்லைப் பக்கம் அல்லவா. புதருக்குள் நுழைவதற்கு முன் நின்று மூக்கை உறிஞ்சுவார், ஏனென்றால் உள்ளே பத்தடி தள்ளி யானை நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அவர் சொன்ன ஒரு விஷயம் என் நோட்டில் அளவுகளைவிட அதிக இடம் பிடித்திருக்கிறது: தரகு பெங்கி. தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. அந்தக் காலத்தில் வெயில் முற்றுவதற்கு முன்பே தரைச் சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்களாம், கணுக்கால் உயரம்கூட எழும்பாது, புல் துளிர்க்கும், களை கருகும். 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அது நின்றுபோனது, அப்புறம்தான் இந்தச் சனியன் தலையெடுத்தது என்கிறார் அவர். அது ஒன்றே காரணம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் இப்போது யாராவது தீ வைத்தால் காய்ந்த உண்ணிச்செடியில் ஏறி மரத்தின் உச்சி வரை போய்விடும், பழைய வைத்தியம் இனி செல்லாது, அது மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பிடுங்கிப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கிறது. ஜேசிபி விட்டால் மண் புரண்டு அடியில் கிடந்த விதையெல்லாம் முளைக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு காட்டிய வழி ஒன்று உண்டு: ஆணிவேரை மண்ணுக்குக் கீழே மூன்று, நான்கு சென்டிமீட்டரில் வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவது. ஒரு காலைப்பொழுது நானும் மண்வெட்டி பிடித்துப் பார்த்தேன். பதினொரு புதர், இரண்டு கொப்புளம். அதோடு முடியாது, பழம் தின்ற பறவைகள் வந்து உட்காரும் மரங்களுக்கு அடியில் வருஷா வருஷம் போய் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும்.

இந்த லட்சணத்தில் இங்கே நர்சரியில் தொட்டி நூற்றைம்பது ரூபாய். 2024இல் இங்கே லால்பாக் பூங்காவில் உண்ணிச்செடித் தண்டால் செய்த யானைகளை நிறுத்தி வைத்திருந்தார்களே, நீலகிரியில் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் கையால் செய்தவை, ஊரே போய் செல்ஃபி எடுத்தது, நாங்களும்தான். காட்டிலிருந்து வெட்டி எடுத்ததை யானையாக்கி வேடிக்கை பார்த்த அதே ஊரில் அதே செடியைப் பணம் கொடுத்து வாங்கிப் போகிறோம்.

நர்சரிக்காரரிடம் கேட்டேன், "இது காய்க்காத ஜாதிம்மா" என்றார். இருக்கலாம். எங்கள் அபார்ட்மென்ட் கேட்டருகே உள்ள தொட்டிகளில் நான் பார்த்தபோது காய் கொத்துக்கொத்தாக இருந்தது, சின்னான் குருவி இரண்டு அதைத் தின்றுகொண்டிருந்தன. காயே கட்டாத செடி என்றாலும் மகரந்தம் இருந்தால் பக்கத்துக் காலி மனைச் செடிக்குப் போய்ச் சேரும். பன்னேர்கட்டா காடு நமக்கு எத்தனை தூரம்?

பட்டாம்பூச்சி வருமே என்பார்கள். வரும், தேன் குடிக்கும், போகும். முட்டையிட்டுப் புழு வளர வேண்டும் என்றால் கறிவேப்பிலை வையுங்கள். இலை கொஞ்சம் போகும், சாம்பாருக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கலர்தான் வேண்டும் என்றால் இட்லிப்பூ இருக்கிறது, கனகாம்பரம் இருக்கிறது, இரண்டும் நம் மண்ணின் செடிகள். அடுத்த வாரம் இணைப்பில் ஓரமாக ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு: காய்களை முதலில் கிள்ளி ஒரு பையில் கட்டிவிடுங்கள். அப்புறம் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, தலைகீழாகத் தொங்கவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். தொட்டியோடு காலி மனையில் வைத்துவிட்டு மட்டும் வராதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு