புகார் கடிதம்: யுகுலேலே குழு வகுப்பில் வழங்கப்பட்ட கருவிகள் குறித்து

அனுப்புநர்:
தொடக்கநிலை யுகுலேலே குழு வகுப்பின் மாணவர்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குறைபாடுள்ள கருவிகளை மாற்றித் தருதல், வீணான வகுப்புகளுக்கு ஈடு செய்தல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனம் சமுதாயக் கூடத்தில் நடத்திவரும் தொடக்கநிலை யுகுலேலே (கிட்டார் போன்ற நான்கு தந்திச் சிறு கருவி) வகுப்பில், கருவிக்கும் பயிற்சிக்கும் சேர்த்து முழுக் கட்டணத்தையும் செலுத்திச் சேர்ந்திருக்கிறேன். கருவிகள் அனைத்தும் ஒரே வகையினவாக, உடனே வாசிக்கத்தக்க நிலையில் வழங்கப்படும் என்று சேர்க்கைப் படிவத்தில் அச்சிட்டிருந்தீர்கள். நடந்தது வேறு.

எங்களுக்குத் தரப்பட்டவற்றுள் பெரும்பாலானவை சோப்ரானோ, கான்செர்ட் அளவுக் கருவிகள். இவ்விரண்டும் ஜி, சி, இ, ஏ என்ற ஒரே சுருதியில் அமைவதால் சேர்ந்து வாசிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் சிலருக்கு எந்த அறிவிப்பும் இல்லாமல் அளவில் பெரிய பாரிடோன் வகை வந்து சேர்ந்திருக்கிறது. அதன் நான்கு தந்திகளும் டி, ஜி, பி, இ என்று கிட்டாரின் சுருதி உயர்ந்த நான்கு தந்திகளைப் போல அமைந்தவை. என் பக்கத்தில் அமரும் மூத்த அம்மையார் ஒருவர், பாடத்தில் காட்டியபடியே முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளுள் ஒன்று) மோதிர விரலை வைத்து சி கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டை, வாசிப்பார். அவர் கருவியில் ஒலிப்பதோ ஜி கார்டு. விரல் சரியாகத்தான் இருக்கிறது, ஒலிதான் குழுவோடு ஒட்டவில்லை. இன்னும் அழுத்திப் பிடிக்கும்படி பயிற்றுநர் சொல்லச் சொல்ல, விரல் நுனி சிவந்து தந்தியின் தடம் பதியும்வரை அவர் அழுத்திக்கொண்டிருந்ததை நான் நேரில் பார்த்தேன். கடைசியில், தமக்கு இசை ஞானமே இல்லை போலும் என்று கருவியை உறையில் போட்டு மூடிவிட்டார். கருவியின் வகையைப் பார்க்காமல் அனுப்பியவர்கள் செய்த பிழையை ஒரு மாணவர் தம் குறையாக எண்ணி ஒதுங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மற்ற கருவிகளிலும் குறை உண்டு. பலவற்றில் தலைப்பகுதியை ஒட்டி, தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையான நட்டின் வெட்டுகள் போதிய ஆழமின்றி இருப்பதால், தந்திகள் முதல் ஃப்ரெட்டுக்கு மேல் மிக உயரமாக நிற்கின்றன. சி கார்டு ஓரளவு சரியாகவே ஒலிக்கும். முதல் ஃப்ரெட்டில் விரல் வைக்க வேண்டிய எஃப், ஜி7 கார்டுகள் வந்ததுமே சுருதி ஏறிவிடும். அவ்வளவு தூரம் தந்தியை இழுத்து அழுத்த வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். இதைத் தொலைபேசியில் தெரிவித்தபோது, நைலான் தந்திகள் புதியவை என்பதால் தளரும், சில நாள்களில் சரியாகிவிடும் என்று தங்கள் ஊழியர் பதிலளித்தார். புதிய தந்தி தளரும் என்பது உண்மைதான். அதற்காக ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துக்கொள்ள நாங்கள் தயங்கவில்லை. ஆனால் தளர்ந்த தந்தியின் சுருதி இறங்குமே தவிர ஏறாது. விரல் வைக்காமல் மீட்டும்போது சுருதி காட்டும் ட்யூனரில் மிகச் சரியாகக் காட்டும் அதே தந்தி, முதல் ஃப்ரெட்டில் அழுத்தியதும் கூடுதலாகக் காட்டுகிறது என்றால் குறை தந்தியில் இல்லை. இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு இடையே தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி எஞ்சுகிறது என்று பார்த்தாலே போதும், உண்மை தெரிந்துவிடும். அங்கே மயிரிழை அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். பயிற்சி எத்தனை மாதம் செய்தாலும் நட்டின் வெட்டு தானாக ஆழமாகாது.

சுருதி சேர்க்கக் கைப்பேசிச் செயலியைப் பயன்படுத்தும்படி வழங்கிய அறிவுரையும் குழு வகுப்புக்குப் பொருந்தாது. எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் மீட்டும்போது கைப்பேசியின் மைக் யாருடைய தந்தியைக் கேட்கிறது என்றே தெரியாமல் போகிறது. கருவியின் தலைப்பகுதியில் கவ்வி, மரத்தின் அதிர்வைக் கொண்டு காட்டும் கிளிப் ட்யூனர்கள் சில இருந்தாலே இந்தத் தொல்லை தீரும். இப்போது வகுப்பின் பெரும்பகுதி சுருதி சேர்ப்பதிலேயே கழிந்து, பாடலைத் தொடங்கும் நேரத்தில் மணி முடிந்துவிடுகிறது.

ஆகவே, பாரிடோன் பெற்றவர்கள் அனைவருக்கும் கூடுதல் கட்டணமின்றி சோப்ரானோ அல்லது கான்செர்ட் கருவியை மாற்றித் தருமாறும், ஏனைய கருவிகளைக் கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டி நட்டைச் சரிசெய்து தருமாறும், வகுப்புக்குத் தேவையான கிளிப் ட்யூனர்களை வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். வீணான வகுப்புகளை மீண்டும் நடத்த வேண்டும். இயலாதெனில் அவற்றுக்குரிய கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். இவற்றோடு, குறை கருவியில்தான் இருந்தது என்பதை வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் தங்கள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்பதை நான் முதன்மையான கோரிக்கையாகவே வைக்கிறேன். விலகிப்போனவர்களுக்கும் அதை எழுத்து மூலம் தெரிவித்து, மீண்டும் வருமாறு அழைக்க வேண்டும்.

இரண்டு வாரங்களுக்குள் எழுத்து வடிவில் பதில் அளிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழு வகுப்பு மாணவர்

இணைப்பு: கட்டண ரசீதின் நகல், சேர்க்கைப் படிவத்தின் நகல், கருவிகளின் ஒளிப்படங்கள்.