ரோடு போகாத கடற்கரை

இன்வர்னஸ்
மே கடைசி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணனும் மைனியும் பிள்ளைகளும் சுகம்தானே?

நான் அனுப்பிய கடற்கரை போட்டோவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பீச்சில் ஒரு பேல்பூரிக்காரன்கூட இல்லையே, ஏம்மா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் வழக்கம்போல போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள். அம்மாவுக்கு நான் குல்லா போட்டிருந்தேனா என்பது மட்டும்தான் கவலை. அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் வந்தால் நீங்கள் முழுசாகப் படிப்பீர்கள், அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவீர்கள்.

அந்த இடத்துக்குப் பெயர் சாண்ட்வுட் பே. ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலை. என்னோடு வார்டில் வேலை பார்க்கும் கோட்டயத்துச் சேச்சியும் அவர் வீட்டுக்காரரும் காரில் கூட்டிப்போனார்கள். இன்வர்னஸிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. லேர்க் என்ற ஊரைத் தாண்டினால் ரோடு ஒரு வண்டி போகிற அகலம்தான். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே கொஞ்சம் அகலமாக விட்டிருக்கிறார்கள். யார் முதலில் வந்தாரோ அவர் ஒதுங்கி நிற்பார், கடந்து போகிறவர் கையைத் தூக்கி நன்றி சொல்வார். ஹாரன் சத்தமே கிடையாது. நம் மும்பை சயான் சர்க்கிளில் இந்த முறை ஐந்து நிமிஷம் தாங்காது.

கின்லாக்பெர்வி என்ற மீன்பிடித் துறைமுகம்வரை போய், அதைத் தாண்டி பிளேர்மோர் என்ற இடத்தில் காரை நிறுத்திவிட வேண்டும். அதற்கப்புறம் நடைதான். போக ஆறரை கிலோமீட்டர், வர ஆறரை. வழி நெடுக வெட்டவெளி. மரம் கிடையாது, கடை கிடையாது, போனில் சிக்னலும் கிடையாது. தரை எல்லாம் ஊறிப்போன கரிமண். பீட் என்கிறார்கள், வெட்டிக் காயவைத்து அடுப்பெரிப்பார்களாம். அந்த மண்ணில் ஊறி வருவதால் ஓடைத் தண்ணீர் பால் விடாத கட்டஞ்சாயா மாதிரி பழுப்பாக இருக்கிறது. சேச்சி சும்மா இருப்பாரா, "சர்க்கரை மட்டும் போட்டால் போதும்" என்றார்.

இரண்டு மணி நேரம் நடந்தும் கடல் கண்ணில் படவில்லை. இரைச்சல்தான் முதலில் வந்தது. பிறகு ஒரு மேட்டில் ஏறியதும் மொத்தமும் ஒரே தடவையில் தெரிந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான மணல், லேசான இளஞ்சிவப்பு கலந்த நிறம். பக்கத்துப் பாறைகள் செம்மணற்கல் என்பதால் அந்த நிறமாம். மணலுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குமேல் மணல்மேடுகள், அவற்றின்மேல் கத்திபோல் முனையுள்ள புல். அதற்கும் பின்னால் ஒரு நல்லதண்ணீர் ஏரி. தெற்குமுனையில், கடலுக்குள்ளேயே தனியாக ஒரு கல்தூண் நிற்கிறது. அம் புவாக்கில் என்று பெயர், 65 மீட்டர் உயரம். 1960-களில்தான் முதன்முதலாக அதன் உச்சிக்கு ஆள் ஏறியிருக்கிறான். ஏறுவதற்கு முன்னால் நீந்தி வேறு போக வேண்டும். வேலையற்ற வேலை என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.

காற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஜூலையில் மரைன் டிரைவில் அலை சுவரைத் தாண்டி அடிக்கும்போது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொள்வீர்களே, அந்தக் காற்றில் ஈரமும் சூடும் இருக்கும். இங்கே அது காய்ந்து, நேராக, நிற்காமல் வருகிறது. மேற்கே அடுத்த கரை கனடா, நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. காய்ந்த மணல் தரையோடு தரையாகக் கணுக்கால் உயரத்துக்கு ஓடுகிறது. நின்ற இடத்தில் நின்றால் ஷூவின் ஒரு பக்கம் மணல் சேர்ந்து, மறுபக்கம் பள்ளம் விழுகிறது. நான் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மணல்மேட்டின் மறைவில் உட்கார்ந்து, முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு சாப்பிட்டோம். அப்படியும் கடலைப் பருப்புக்குப் பதில் மணல்தான் கடிபட்டது. காற்றால் ஒரே ஒரு நன்மை. இந்தப் பக்கத்தில் கோடையில் மிட்ஜ் என்று கண்ணுக்குத் தெரியாத பூச்சி கூட்டமாக வந்து கடிக்கும், காற்றடித்தால் அது பறக்காது.

தண்ணீரில் கால் வைத்தேன். அம்மா பயப்பட வேண்டாம், கால் மட்டும்தான். முதலில் சில்லென்று இல்லை அப்பா, வலித்தது. கணுக்கால் எலும்புக்குள் யாரோ அழுத்துகிற வலி. பத்து வரை எண்ணுவதற்குள் வலி போய், பாதம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆகஸ்டு, செப்டம்பரில்கூட இங்கே கடல் 13, 14 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்: இப்படிப்பட்ட தண்ணீரில் தவறி விழுகிறவரை முதலில் அபாயத்தில் தள்ளுவது உடம்பு விறைப்பது இல்லை. விழுந்த அதிர்ச்சியில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. அதனால் கையைக் காலை அடிக்காமல், மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை பொறுக்க வேண்டும். இங்கே பள்ளிப்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லித்தருகிறார்கள். ஜூஹூவில் குளிக்கப் போகிற அண்ணன் பையன்களுக்கும் மல்லாந்து மிதக்கச் சொல்லிக்கொடுங்கள், எந்தக் கடலுக்கும் உதவும்.

உங்களுக்குப் பிடித்த விஷயமும் உண்டு, பேய். ஏரி ஓரத்தில் கூரை போன ஒரு கல்வீடு நிற்கிறது. தாடி வைத்த ஒரு மாலுமி அங்கே ராத்திரியில் வந்து ஜன்னலைத் தட்டுவான் என்று ஊரில் கதை. வடக்கே கேப் ராத் முனையில் 1828-இல் கலங்கரை விளக்கம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கரையில் நிறையக் கப்பல்கள் உடைந்திருக்கின்றன, அதிலிருந்து வந்த கதையாக இருக்கும். நாங்கள் போனபோது அந்த வீட்டில் ஒரு ஆடு இருந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஏன் யாரும் இல்லை?

குளிர், காற்று, தூரம் எல்லாம் உண்மைதான். ரோடு போடவில்லை என்பதும் உண்மை. காசு இல்லாமல் போடாமல் விட்ட ரோடு இல்லை. ஜான் மியூர் டிரஸ்ட் என்று இயற்கையைக் காக்கும் ஒரு அமைப்பு 1993-இல் இந்த நிலத்தை வாங்கியது, நடந்து வருகிறவர்களுக்கு மட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2003-இல் வந்த சட்டப்படி, நிலம் யாருடையதாக இருந்தாலும் ஒழுங்காக நடந்து போக எவருக்கும் உரிமை உண்டு. இதையெல்லாம் நானே போனில் சொல்லி முடித்திருப்பேன்.

ஆனால் அதே போட்டோவை என் வீட்டு ஓனர் அம்மாவிடம் காட்டினேன். எண்பது வயதைத் தாண்டியவர். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அழகுதான். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஆள் இருந்தார்கள்" என்றார். அப்புறம் டீ போட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

சதர்லண்ட் என்கிற இந்த ஜில்லா ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இன்றைக்கு அங்கே சுமார் 13,000 பேர்தான் இருக்கிறார்கள். நம் தாராவி 90 அடி ரோட்டுச் சந்துகளிலேயே அதற்குமேல் தேறும். முன்பு உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் ஊர் ஊராக ஜனங்கள் மாடு வைத்து, ஓட்ஸ் விதைத்துப் பிழைத்திருக்கிறார்கள். நிலம் பெரிய பிரபுக் குடும்பத்துடையது. குடியானவர்களிடம் வரும் வாடகையைவிட ஆட்டுக்கம்பளியில் லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டார்கள். 1810-களில் ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்துவிடக் கூடாது என்று கூரைமரத்துக்குத் தீ வைத்தார்கள். பாட்ரிக் செல்லர் என்ற எஸ்டேட் ஏஜென்ட்தான் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் இதை நடத்தியவன். படுக்கையில் கிடந்த ஒரு கிழவியை உள்ளே வைத்தே வீட்டைக் கொளுத்தியதாக அவன்மேல் வழக்கு. 1816-இல் இதே இன்வர்னஸில் விசாரணை நடந்தது, விடுதலையாகிவிட்டான். காலி செய்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்த்தவனும் அவனேதான். வெளியேறியவர்களுக்குக் கடலோரத்தில் கல்லும் முள்ளுமான துண்டு நிலம் கொடுத்து, மீன்பிடித்துப் பிழையுங்கள் என்றார்கள். கடலையே அறியாத ஜனம். நிறையப் பேர் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஓனர் அம்மாவின் பாட்டி வழியில் அப்படி ஒரு கிளை போயிருக்கிறது.

அதைக் கேட்டபிறகு, பிளேர்மோரிலிருந்து நடந்த வழியில் நான் ஆட்டுக்கொட்டில் என்று நினைத்துத் தாண்டிய கல்சுவர்களில் சிலது யாருடைய சமையலறையோ என்று தோன்றுகிறது.

இதைச் சொல்லிவிட்டு, அதுவும் நம் தாராவியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்தில் நமக்கு அடுக்குமாடியில் 350 சதுர அடி தருவதாகச் சொல்கிறார்கள், யாரும் தீ வைக்கவில்லை. எப்போது, எங்கே, யார் யாருக்கு என்பதில்தான் நாளுக்கு ஒரு பேச்சு. நீங்களோ, "கணக்கெடுக்க வந்தவன் எழுதிக்கொண்டு போயிருக்கிறான், வரும்போது வரும்" என்று விட்டுவிடுகிறீர்கள்.

இங்கே மிச்சம் இருந்தவர்கள் விடவில்லை அப்பா. 1880-களில் வாடகை கொடுக்க மாட்டோம், மேய்ச்சல் நிலத்தை விட மாட்டோம் என்று எழுந்து நின்றார்கள். 1883-இல் அரசு ஒரு கமிஷன் போட்டது. அது ஊர் ஊராகப் போய், குடியானவர்களின் வாய்மொழியை மொழிபெயர்ப்பாளர் வைத்து எழுதிக்கொண்டது. யார் எந்த நிலத்தில் இருந்தார், எப்போது வெளியேற்றப்பட்டார் என்று ஒவ்வொருவரும் சொன்னது அச்சிலேயே இருக்கிறது. 1886-இல் சட்டம் வந்தது: வாடகை ஒழுங்காகக் கட்டுகிற குடியானவரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. கின்லாக்பெர்வி பக்கம் இன்றும் அந்தத் துண்டு நிலங்களில் ஆட்கள் இருக்கிறார்கள், கொடியில் துணி காய்கிறது.

அதனால் இதை மட்டும் செய்யுங்கள். திட்டத்தில் கேட்கிற தேதியான 2000 ஜனவரி 1-க்கு முன்பே நாம் அங்கே இருந்ததற்கு என்னென்ன காகிதம் உண்டோ எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுங்கள். பழைய ரேஷன் கார்டு, லைட் பில், வோட்டர் லிஸ்ட் பக்கம், தோல் கிடங்கில் உங்களுக்குக் கொடுத்த அடையாள அட்டை, என் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் விலாசம் உள்ள பக்கம். மழை பிடிப்பதற்குள் அண்ணனை விட்டு மூன்று செட் ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு செட் வீட்டில், ஒரு செட் சித்தப்பாவிடம் அந்தோப் ஹில்லில். மூன்றாவதை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், நான் இங்கே பத்திரப்படுத்துகிறேன். மாடி ரூமில் இருக்கிற செல்லத்துரை மாமாவிடமும் சொல்லுங்கள், மாடிக்காரர்களுக்குத்தான் சிக்கல் அதிகம் என்கிறார்கள்.

பணம் ஐந்தாம் தேதி வந்துவிடும். அம்மாவின் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். அம்மாவிடம் சொல்லுங்கள்: குல்லா போட்டிருந்தேன், காற்று அதைக் கழற்றிக்கொண்டு போகப் பார்த்தது, சேச்சி ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார்.

உங்கள் அன்பு மகள்,
சின்னவள்