பைப் வளையமும் கிரிக்கெட் கூட்டமும்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, ஆபீசில் ஆடிட் நடந்ததால் இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. பாப்பா சிற்பம் படித்துவிட்டு சினிமாவுக்கு கவசம், முகமூடி செய்யப் போகிறேன் என்கிறாளாமே, ரொம்ப சந்தோஷம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே பண்ணிவிடுகிறார்களே, இவளுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். அதைப் படித்ததும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற மாயாஜாலப் படவரிசையை எடுத்த கதையை உனக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

மூன்று படங்களையும் ஒரே மூச்சில் நியூசிலாந்தில் எடுத்தார்கள், 1999 அக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை. கம்ப்யூட்டர் வேலையும் ஏராளம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீரர்கள் போட்டிருக்கும் அந்த வளையக் கவசம் இருக்கிறதே, அது நம் வீட்டில் தண்ணீருக்குப் போடுகிற மாதிரி பிளாஸ்டிக் பைப்தான். அதை மெல்லிசாக வளையம் வளையமாக நறுக்கி, ஒன்றுக்குள் ஒன்றைக் கையாலேயே கோத்து, அப்புறம் உலோகம் மாதிரி பூச்சு கொடுத்தார்கள். மொத்தம் ஒரு கோடியே 25 லட்சம் வளையம். படத்துக்குக் கவசமும் ஆயுதமும் செய்த, வெல்லிங்டனில் உள்ள வேட்டா பட்டறையில் இதையே வேலையாகச் செய்த இரண்டு பேருக்கு விரல் ரேகையே தேய்ந்துபோய்விட்டது. திரையில் அது எங்கே தெரிகிறது? இருட்டில், மழையில், ஓரமாக நிற்கிற ஒருவனின் தோளில். அதற்காகக்கூட அவர்கள் அரைகுறையாக விடவில்லை. எனக்கு இந்த ஒன்று போதும், அந்தப் படத்தின் மேல் மரியாதை வர.

கதையில் வரும் ஹாபிட் என்ற குள்ள மனிதர்களின் கிராமமும் அப்படித்தான். மட்டமட்டா ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுப் பண்ணையில், படப்பிடிப்புக்கு ஒரு வருஷம் முன்பே செடிகொடிகளை நட்டு வளரவிட்டார்கள். அரகார்ன் என்ற வீரனாக நடித்த வீகோ மார்டென்சன் ஒரு காட்சியில் ஹெல்மெட்டை உதைத்து இரண்டு கால்விரல் முறிந்ததும், அந்த அலறலே படத்தில் இருப்பதும் உனக்கே தெரிந்திருக்கும்.

கிரிக்கெட் பைத்தியமான உனக்கு இது பிடிக்கும். இரண்டாவது படத்தில் கோட்டையை முற்றுகையிடும் பத்தாயிரம் பேர் படை ஒரே குரலில் முழங்குமே, அந்தச் சத்தம் 2002 பிப்ரவரியில் வெல்லிங்டனில் நடந்த நியூசிலாந்து–இங்கிலாந்து ஒருநாள் போட்டியில் பிடித்தது. இடைவேளையில் டைரக்டர் பீட்டர் ஜாக்சனே மைதானத்துக்குள் வந்து நிற்க, பெரிய திரையில் அந்த அசுர பாஷை வார்த்தைகளைப் போட்டுக் காட்ட, மேட்ச் பார்க்க வந்த 25,000 பேர் காலை உதைத்து, மார்பில் அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறார்கள். எந்த மெஷினில் அந்தச் சத்தம் வரும், சொல்?

அதனால் பாப்பாவைத் தடுக்காதே. எப்படி எடுத்தார்கள் என்று காட்டும் டிவிடிகள் என்னிடம் முழு செட்டாக இருக்கின்றன, பொங்கலுக்கு வரும்போது அவளுக்கே கொடுத்துவிடுகிறேன். உங்கள் வீட்டு பிளேயர் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வை.

அன்புடன்,
உன் நண்பன்