24 புக்கு சவாலும் என் போனும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம். நைட்டு பூரா ரீல்ஸ் பாத்தே போயிடுதுன்னு எரிச்சலாகி இந்த வருஷம் 24 புக்கு படிக்கணும்னு எனக்கு நானே சவால் விட்டுக்கிட்டேன், மாசம் 2 தானே ஈஸின்னு பாத்தா மொத புக்கே 5 வாரம் இழுத்துச்சு. படிக்கிற புக்கை கணக்கு வைக்கிற குட்ரீட்ஸ் ஆப்ல டார்கெட் போட்டு வச்சேன், ரெண்டு புக்கு பின்தங்கிட்டீங்கன்னு அது காட்டும் பாருங்க, கணக்கு வாத்தியார் தோத்தாரு!

தமிழ்ல 1998லேர்ந்தே மதுரைத் திட்டம்ங்கிற இணைய நூலகத்துல பழைய நூல்களை இலவசமா தர்றாங்க, இத்தனை நாள் எனக்குத் தெரியல. ஆனா பிடிஎஃப்பா எடுத்தா போன்ல ஒவ்வொரு வரிக்கும் இடதும் வலதுமா தள்ளித் தள்ளி கண்ணு பூத்துடுது, அதே ஈபப்ங்கிற மின்னூல் வடிவத்துல இருந்தா எழுத்தை எவ்ளோ பெருசாக்குனாலும் வரி தானா மடிஞ்சுக்குது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்ங்கிற தளத்துல ஈபப்பாவே கெடைக்குது. பாத்திரம் கழுவுறப்போ லிப்ரிவாக்ஸ்ங்கிற இலவச ஒலிநூல் தளத்துல ஆடியோ, தன்னார்வலர்கள் படிக்கிறதால சில குரல் தாலாட்டு மாதிரிதான் இருக்கும், அது வேற கதை.

இப்போ 9வது புக்குல இருக்கேன். உங்க நூல் அறிமுகம் பகுதியில அந்த புக்கு மின்னூலா கெடைக்குதான்னு ஒரு வரி சேத்துப் போட்டா என்னை மாதிரி ஆளுங்களுக்கு தேடுற வேலை மிச்சம் சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி